திருடனுக்கு எதுக்கு சார்ஜர்?

துக்க வீட்டுக்காரர்களிடம் ஃபீஸ் கேட்பது எங்கள் துப்பறியும் தொழிலில் கூச்சமான வேலை. கூச்சமான வேலைகளையெல்லாம் சகலை என்னிடம் தள்ளிவிடுவார்.

சகலை என்பது பட்டப்பெயர் இல்லை. அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். ஒரே மாமனாரிடம் ஏமாந்த இரண்டு பேர் சேர்ந்து ஊரில் மற்றவர்கள் ஏமாந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம் என்று நான் சொல்வதுண்டு. முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பார். அவருடைய மனைவி தவறிப்போனதிலிருந்து சிரிப்பு நின்றுவிட்டது. சரி, அழுவாரா என்றால் அதுவும் இல்லை. சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார். போதும் என்று யாராவது சொன்னால்தான் நிறுத்துவார். கேஸ் ஒன்று வந்தால் மட்டும் மூளை பழைய வேகத்தில் ஓடும், மற்ற நேரத்தில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆபீஸில் அவர் மேசை ஓரத்தில் அவர் மனைவியின் போன் எப்போதும் சார்ஜில் கிடக்கும். அதில் யாரும் கூப்பிடுவதில்லை. பில் வந்தால் என் பக்கம் நகர்த்துவார், நான் கட்டிவிடுவேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அன்று மத்தியானம் எங்களைக் கூப்பிட்டது ஒரு பெட்டிக் கடை முதலாளியின் தம்பி. மிட்டாயும் தீப்பெட்டியும் விற்கிற பெட்டிக்கடை என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு, உள்ளே நுழைந்ததும் வெட்கமாகிவிட்டது. அது சூட்கேஸ் கடை. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் பாலிதீன் உறை, கைப்பிடியில் விலைச்சீட்டு, ஏசியில் ஆறிப்போன ரெக்சின் வாசனை. பெரிய பெட்டிக்குள் நடுத்தரம், அதற்குள் சின்னது என்று ஒரு குடும்பமே ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். வேறு தெருவில் சொந்தமாக அச்சகம் வைத்திருப்பவர். சவரம் செய்யாத முகம். கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலியைத் தொடாமல், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"அண்ணன் போன வாரம் தவறிட்டார் சார். இதே கடையில, அந்த நாற்காலியில. சாத்துற நேரம். ஹார்ட்."

சகலை தலையை மட்டும் ஆட்டினார்.

"அன்னிக்குத் தள்ளுபடி விற்பனைக்குக் கடைசி நாள். காலையில இருந்து கூட்டம். முக்கால்வாசிப் பேர் கார்டுலதான் குடுத்திருக்காங்க. பில் புக் சொல்லுது. ஆனா அந்த ஒரு நாள் கார்டுக் காசு மட்டும் இன்னிய வரைக்கும் அக்கவுன்ட்டுக்கு வரல. கார்டு மெஷினையும் காணோம்."

"முந்தின நாள் காசு?"

"வந்துருச்சு. அதுக்கு முந்தின நாளும் வந்துருச்சு. அண்ணன் செத்த நாள் மட்டும் இல்ல."

சொல்லிவிட்டுக் கல்லா பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கல்லாவில் உட்காரும் உரிமை அன்று காலையிலிருந்து பறிபோயிருந்தது என்பது, அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதிலேயே தெரிந்தது.

"அந்த மெஷினைத் தொடறது ரெண்டே பேரு," என்றார் தம்பி. "அண்ணனும் இவளும். ரீஃபண்டுன்னு ஒரு வழி இருக்காம் சார் அதுல. எந்தக் கார்டை வச்சாலும் கடைக் காசு அந்தக் கார்டுக்குப் போயிடுமாம். ஆளு செத்துக் கிடக்கறப்ப எல்லாத்தையும் தன் கார்டுக்கு மாத்திட்டு மெஷினை எங்கயோ கடாசிட்டா. அவ்வளவுதான் விஷயம்."

"நான் எடுக்கல சார்," என்றாள் அந்தப் பெண்.

"அப்ப மெஷின் எங்க?"

தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. எனக்கே எரிச்சலாக வந்தது.

"அவ போன்ல பேசினதை என் காதால கேட்டேன் சார். அந்தப் பெரிய பெட்டி அடுக்குக்குப் பின்னால நின்னுகிட்டு, ரகசியமா. 'அவர் முடிக்கலக்கா. யாரையும் முடிக்க விடமாட்டேன், சத்தியம்'. இப்படியே சொன்னா. கேட்டதும் எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. யாரை யாரு முடிக்கப் போறாங்க?"

"விடமாட்டேன்னுதானே சொல்லுது," என்றேன். "முடிப்பேன்னு சொன்னா நடுங்கலாம். இது பாதுகாப்புப் படை மாதிரி இருக்கு."

தம்பி சிரிக்கவில்லை. "அக்கான்னு சொன்னாளே, யாரு அந்த அக்கான்னு விசாரிச்சேன். இவளுக்குக் கூடப் பிறந்தவங்க யாருமே கிடையாது. அப்ப அது கூட்டாளி. ஒரு கும்பலே இருக்கு. சாயங்காலம் கடை சாத்துறதுக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லலேன்னா நான் போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்."

அந்தப் பெண் அப்போதுதான் இரண்டாவது வாக்கியம் பேசினாள். "போலீஸ்ல ஒரு தடவை பேரு எழுதிட்டா அப்புறம் எந்தக் கடையிலயும் என்னைக் கல்லாகிட்ட விட மாட்டாங்க சார். எனக்கு வேற வேலை தெரியாது." கெஞ்சலாகக்கூட இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

சகலை எழுந்து கடையை ஒரு சுற்று வந்தார். "பெட்டியெல்லாம் திறந்து பார்த்தீங்களா?"

"எல்லாத்தையும் சார். பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள பெட்டி. ஒரு பெட்டியில என் அண்ணன் ஒளிச்சு வச்சிருந்த சிகரெட் கூடக் கிடைச்சுது. மெஷின் இல்ல." சிகரெட் என்று சொன்ன இடத்தில் மட்டும் அவருக்குக் குரல் இறங்கியது.

"மெஷினோட வேற என்ன காணோம்?"

"வேற ஒண்ணும் இல்ல. ஆங், அதோட சார்ஜர். ஆனா அது அப்புறம் காணாம போனது. துக்கத்துக்கு அப்புறம் முதல் தடவையா கடைக்கு வந்தப்ப நானே ஒயரைச் சுத்தி இந்த டிராயர்ல போட்டேன். அப்ப மெஷின் இல்ல, சார்ஜர் இருந்துச்சு. அடுத்து வந்து பாக்கறேன், அதுவும் இல்ல."

சகலை அந்த டிராயரை இழுத்தார். உள்ளே இரண்டு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு பேப்பர் ரோல், காய்ந்த பேனா. காலி டிராயரை இவ்வளவு நேரம் பார்க்கிற மனிதரை நான் பார்த்ததில்லை.

"பேங்க் ஹெல்ப்லைனுக்குப் போடு," என்றார் என்னிடம்.

கடை வாசலில் நின்று போட்டேன். அந்தப் பக்கம் முதலில் ஒரு இசை. பிறகு ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. பிறகு மறுபடி இசை. கல்யாணத்தில் கூட நான் இவ்வளவு வாத்தியம் கேட்டதில்லை. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. தம்பியைப் பேசவிட்டு, கடை விவரமெல்லாம் சொல்லி முடித்ததும் சகலை போனை வாங்கினார்.

"இந்த மெஷின்ல இருந்து யாருக்காவது ரீஃபண்ட் போயிருக்காம்மா?"

"இல்லை சார். எதுவும் வெளியே போகலை."

"அந்த நாள் வியாபாரம் ஏன் உள்ளே வரல?"

"செட்டில்மென்ட் கொடுக்கலை சார். காத்திருந்தமைக்கு நன்றி."

"அவசரமில்லம்மா. எனக்கு அதைக் கொஞ்சம் புரியற மாதிரி சொல்லு."

அந்தப் பெண் எழுதி வைத்ததைப் படிப்பதை விட்டுவிட்டு மனிதக் குரலில் பேச ஆரம்பித்தாள். "கார்டைத் தேய்ச்ச உடனே காசு கடைக்கு வந்துடாது சார். வாடிக்கையாளர் கணக்குல அந்தத் தொகையை எடுத்துத் தனியா நிறுத்தி வைப்பாங்க. கடைக்காரர் சாயங்காலம் மெஷின்ல செட்டில்மென்ட் அமுக்கணும். அப்பதான் அன்னிக்கு வித்தது எல்லாம் ஒரே மூட்டையா எங்களுக்கு வரும். மறுநாள் நாங்க காசைப் போடுவோம். அமுக்கலேன்னா மூட்டை மெஷின்லயே கிடக்கும்."

"புது மெஷினெல்லாம் தானாவே பண்ணிடுமே."

"பண்ணும் சார். இவர் தானா வேண்டாம், கையால அமுக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"எத்தனை நாள் அப்படிக் கிடக்கலாம்?"

"அவங்க அவங்க பேங்க் பொறுத்து இருக்கு சார். ஆனா நிறையப் பேரோடது இன்னியோட முடியுது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள செட்டில்மென்ட் வரலேன்னா காசை அவங்கவங்களுக்கே விட்டுடுவாங்க. இந்த விற்பனையே நடக்காத மாதிரி ஆயிடும்."

"கடைசியா ஒண்ணு. மெஷின் இப்ப எப்படி இருக்கு?"

"உயிரோடத்தான் சார் இருக்கு. காலையில கூட சிக்னல் வந்திருக்கு."

சகலை நன்றி சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்தார். தம்பி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள வரவும் இல்ல, வெளிய போகவும் இல்ல," என்றார் சகலை. "நின்னுருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப இவ திருடல?"

"கடை சாத்துற வரைக்கும் நேரம் குடுத்திருக்கீங்க இல்ல. அது வரைக்கும் இருங்க."

அவர் கல்லாப் பெண்ணிடம் போனார். மெஷின் எங்கே, யார் அந்த அக்கா, எதையும் கேட்கவில்லை.

"முதலாளி தினமும் கடைசியா என்ன பண்ணுவாரும்மா?"

அவள் நிமிர்ந்தாள். "பட்டனை அமுக்குவாரு சார். ஸ்லிப் வெளியே வர ஆரம்பிச்ச உடனே போனைக் காதுல வச்சுக்குவாரு. வீட்டுக்கு."

"என்ன சொல்வாரு?"

"'முடிச்சாச்சு, கிளம்பறேன்'. அவ்வளவுதான். ஹலோ கூடச் சொல்ல மாட்டாரு."

"அன்னிக்கு?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். "அன்னிக்குச் சொல்லல சார்."

காரில் ஏறியதும் சகலை முதலாளி வீட்டுக்கு விடச் சொன்னார். நான் வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னேன், "துக்க வீட்டுல போயி என்ன கேக்கப் போறீங்க? அந்தப் பொண்ணை இன்னும் ரெண்டு தட்டு தட்டியிருந்தா உண்மை விழுந்திருக்கும்."

"சகலை, உன்னை ஒண்ணு கேக்கறேன்," என்றார் அவர். "நீ ஒரு மெஷினைத் திருடிட்டே. போலீஸ் தேடும்னு தெரியும். என்ன பண்ணுவே?"

"தண்ணியில போடுவேன். சுத்தியால உடைப்பேன்."

"மறுபடி கடைக்கு வந்து, மாட்டிக்கிற ஆபத்தோட, அதுக்குச் சார்ஜர் எடுத்துட்டுப் போவியா?"

நான் யோசித்தேன். "மாட்டேன். திருடனுக்கு எதுக்கு சார்ஜர்?"

"அதான். திருடின மெஷினுக்கு யாரோ வேளாவேளைக்குச் சோறு ஊட்டிட்டிருக்காங்க. அது பசியில செத்துடக் கூடாதுன்னு கவலைப்படறாங்க. இது திருட்டு இல்ல."

"பின்ன என்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிக்னலில் நின்றபோது தானாகவே மறுபடி பேசினார். "அந்தப் பொண்ணுக்கு அக்கா யாருமே இல்லேன்னான் பாரு, அந்தத் தம்பி. கடையில வேலை பாக்கறவங்க முதலாளி சம்சாரத்தை என்னன்னு கூப்பிடுவாங்க?"

எனக்கு ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "அக்கான்னு."

"அவனுக்கு அவங்க அண்ணி. பொழுது விடிஞ்சா அண்ணி, பொழுது போனா அண்ணி. அதனால அக்கான்னு காதுல விழுந்ததும் அவனுக்கு வேற யாரோ ஆளு நெனைப்புக்கு வந்துட்டாங்க."

ஆக, மெஷின் முதலாளி மனைவியிடம் இருக்கிறது. சட்டென்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இல்லை, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அண்ணியும் கல்லாவும் கூட்டுக் களவாணிகள். கொழுந்தன் கைக்குக் கடை போவதற்கு முன்னால், அந்தப் பெரிய நாளின் காசைத் தனியாக வேறு கணக்குக்குத் திருப்பப் பார்க்கிறார்கள். இதைச் சொன்னேன். சகலை "ம்" என்றார். அவர் ஒப்புக்கொண்டாரா, என்னைக் கழித்துக் கட்டினாரா என்று அந்த ஒரு எழுத்திலிருந்து கண்டுபிடிக்க வேறொரு துப்பறியும் நிபுணர் வேண்டும்.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலில் ஆண் செருப்பு ஒன்று, ஷூ ஒன்று. ஷூவுக்கு யாரோ புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தார்கள்.

கதவைத் திறந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். தம்பி அனுப்பினார் என்று சொன்னதும் யார், எதற்கு என்று கேட்காமல் உள்ளே விட்டுவிட்டார். நாங்கள் திருடர்களாக இருந்தாலும் விட்டிருப்பார். கூடத்தில் சுவரோரமாக நாலைந்து சூட்கேஸ்கள். ஒன்றில் சக்கரம் இல்லை, ஒன்றில் ஜிப் வாயைப் பிளந்திருந்தது, ஒன்றின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டியிருந்தது. அவற்றுக்குள்தான் துணிமணி, போர்வை எல்லாம் அடுக்கியிருந்தார்கள்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "விக்காததுதான் வீட்டுக்கு வரும்," என்றார். "நல்ல பெட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னு கல்யாணம் ஆனதுல இருந்து கேக்கறேன்."

தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை எங்களிடம் நீட்ட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கேட்க வேண்டிய கேள்விகளை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கடை யார் பேரில் இருக்கிறது, கொழுந்தனோடு பேச்சுவார்த்தை எப்படி, வேறு பேங்க்கில் கணக்கு உண்டா.

சகலை எனக்கு முன்னால் பேசிவிட்டார்.

"மெஷின்ல சார்ஜ் எவ்வளவு இருக்குங்க?"

"முழுசா இருக்கு," என்றார் அந்த அம்மா.

அப்படியே சொன்னார். பதறவில்லை, மறைக்கவும் பார்க்கவில்லை. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரிதான் இருந்தது. பிறகு எழுந்து, வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளறைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

இரட்டைக் கட்டிலில் ஒரு பக்கம் கசங்கியிருந்தது, மறுபக்கம் மடிப்புக் கலையாமல் இருந்தது. கலையாத பக்கத்துத் தலைமாட்டில் சின்ன ஸ்டூல். அதன் மேல் படிக்கிற கண்ணாடி, கைக்கடிகாரம், பக்கத்தில் கார்டு மெஷின். ஓரமெல்லாம் தேய்ந்த பழைய மெஷின். ஒயர் சுவரில் மாட்டியிருந்தது, பச்சை விளக்கு எரிந்தது.

என் கேள்விப் பட்டியல் வாசலுக்கு வெளியே, அந்தப் பாலிஷ் போட்ட ஷூ பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு குடுத்தா," என்றார் அந்த அம்மா. "ஆம்புலன்ஸ்ல ஏறும்போது பதட்டத்துல இதையும் பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டா. முடிச்சாரான்னு கேட்டேன். இல்லக்கா, பட்டனை அமுக்கறதுக்குள்ள சாஞ்சுட்டாருன்னா. அப்ப யாரும் முடிக்க வேண்டாம், யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். பேட்டரி பழசு, ஒயரை எடுத்தா இறங்கிடுது. அணைஞ்சா உள்ளே இருக்கறது அழிஞ்சுடுமோன்னு பயம். அவதான் சார்ஜரும் கொண்டுவந்து குடுத்தா."

"ஏங்க முடிக்கல?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"முடிச்சாத்தானே கிளம்புவாரு," என்றார். "முடிக்கலேன்னா இன்னும் கடையிலதான் இருக்காரு. லேட்டாகுது, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார். "எனக்குத் தெரியாம இல்ல தம்பி. எல்லாக் காரியத்தையும் நான்தான் முன்ன நின்னு பண்ணேன். அழுகை கூட வரல. வந்தவங்கெல்லாம் என்ன நெஞ்சழுத்தம் இவளுக்குன்னு பேசிக்கிட்டாங்க. அது காதுல விழுந்துச்சு, அப்பவும் ஒண்ணும் தோணல. இந்த ஒரு பட்டனை மட்டும் என்னால அமுக்க முடியல."

"தெரியும்," என்றார் சகலை.

இரண்டு பேரும் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த வீட்டில் ஒருத்தர், எங்கள் ஆபீஸில் ஒருத்தர், நடுவில் என்ன பாவம் செய்தேனோ நான். கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான் பட்டென்று போட்டு உடைத்தேன். "அந்தப் பொண்ணு திருடிட்டான்னு உங்க கொழுந்தன் இன்னும் கொஞ்ச நேரத்துல போலீசுக்குப் போறாரு. உங்களுக்குக் குடுத்த வாக்குக்காக அது வாயே திறக்கல."

முதல்தடவையாக அந்த முகம் அசைந்தது. "அவ மேலயா? எனக்கு யாருமே சொல்லலையே."

"உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனைச்சிருப்பாரு."

"அண்ணி பாவம், அண்ணி தூங்கட்டும். இதையேதான் எல்லாரும் சொல்றாங்க." டம்ளரை ஸ்டூலில் வைத்தார். "தம்பிகிட்ட நான் சொல்லிடறேன். மெஷின் என்கிட்டதான் இருக்குன்னு சொன்னா விட்டுடுவாரு. ஆனா இதை அமுக்க மாட்டேன். காசு போனாப் போகட்டும்."

"விட மாட்டாருங்க," என்றார் சகலை. "அண்ணி மனசு இளகி வேலைக்காரிப் பொண்ணைக் காப்பாத்தறாங்கன்னு சொல்வாரு. காசு வராத வரைக்கும் அந்தப் பொண்ணு மேல சந்தேகம் இருந்துகிட்டே இருக்கும். இதுல இருந்து வர்ற ஸ்லிப் ஒண்ணுதான், அவ எதையும் தொடலன்னு சொல்லும்."

அந்த அம்மா கட்டிலின் கலையாத பக்கத்தில் உட்காரப் போய், உட்காராமல் நின்றார்.

சகலை மெதுவாகச் சொன்னார், "இன்னொண்ணும் இருக்கு. பேங்க்ல கேட்டோம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இதை அனுப்பலேன்னா, வாங்கினவங்களுக்கே காசு திரும்பிடும். அந்த நாள் வியாபாரமே நடக்கலேன்னு எழுதிடுவாங்க. காலையில இருந்து நின்னு, கூட்டத்தைச் சமாளிச்சு, அத்தனை பெட்டியும் அவர் வித்திருக்காரு. அன்னிக்கு அவர் கடைக்கே வரலேன்னு ஆயிடும்."

வெளியே தெருவில் யாரோ கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அந்த அம்மா மெஷினைக் கையில் எடுத்தார். ஒயரைப் பிடுங்கவில்லை.

"எது அந்தப் பட்டன்?"

சகலை காட்டினார். அந்த அம்மா அமுக்கினார். உறுதியா என்று மெஷின் கேட்டது. எந்தப் புண்ணியவான் அந்தக் கேள்வியை அதில் வைத்தானோ, அன்றைக்கு மட்டும் அவன் என் கையில் கிடைத்திருக்க வேண்டும். அவர் அதற்கும் ஆமாம் என்று அமுக்கினார்.

கரகரவென்று பேப்பர் வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தது. வரி வரியாகத் தொகைகள், ஒவ்வொன்றும் அந்த நாளில் விற்ற ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு பூட்டு. ஸ்டூல் ஓரத்தைத் தாண்டி, கட்டிலைத் தொட்டு, தரைக்கு இறங்கியது. நான் குனிந்து அதைக் கையில் ஏந்திக்கொண்டேன், அழுக்காகிவிடக் கூடாது என்று. ரீஃபண்ட் என்ற இடத்தில் பூஜ்யம். அடியில் மொத்தம். பிறகு மெஷின் ஒரு சின்ன சத்தம் கொடுத்துவிட்டு, திரையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளருக்குக் காத்திருக்க ஆரம்பித்தது.

அந்த அம்மா தன் போனை எடுத்துக் கடைக்குப் போட்டார். பேப்பர் இன்னும் மெஷினிலிருந்து கிழிபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கக்கா," என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது.

"முடிச்சாச்சு," என்றார். ஹலோ சொல்லவில்லை. "நீ கிளம்பு."

அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுதாள். கடையில் எங்கள் முன்னால் ஒரு சொட்டு விடாதவள், பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஓவென்று அழுதாள். இந்தப் பக்கம் அழுகை இல்லை. அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, அது முடியும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின் என்கிட்டதான் இருக்குன்னு தம்பிகிட்ட சொல்லு," என்றார் பிறகு. "சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லு. நாளையில இருந்து கல்லாவுல நீதான் உக்காரணும், அதை நானே அவர்கிட்ட சொல்றேன்."

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். ஷூவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஃபீஸைப் பற்றி நான் பேசவில்லை. சகலையும் ஞாபகப்படுத்தவில்லை.

காரில் ஏறியதும் சகலை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேஸ் முடிந்தால் மறுபடி அந்தப் பழைய ஆள்தான், இருந்தும் இல்லாத ஆள். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணின் பெயர் கெடாமல் தப்பித்தது. அதைவிட, சகலை இன்று தன் வாயால் சொன்னதைத் தன் காதாலும் கேட்டிருப்பார் அல்லவா. இத்தனை நாளாக நானும் என் வீட்டுக்காரியும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்ததை, இன்று அவரே இன்னொருத்தருக்கு எடுத்துச் சொன்னார். இனிமேலாவது நாலு வார்த்தை பேசுவார், ஒரு ஜோக்குக்குச் சிரிப்பார் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டே ஓட்டினேன்.

"சகலை, அந்தக் கடைத்தெருவுல கொஞ்சம் நிறுத்து," என்றார்.

"டீயா?"

"இல்ல. அவ போனோட சார்ஜர் ஒயர் பிஞ்சு போச்சு. ஒரு மாதிரி திருப்பி வச்சாத்தான் ஏறுது. புதுசு ஒண்ணு வாங்கணும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருடனுக்கு எதுக்கு சார்ஜர் என்று மத்தியானம் கேட்ட அதே வாய்தான் என்னுடையது. அந்த நக்கல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவரை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே கடைக்குள் போய், நல்லா உழைக்கிறதா ஒண்ணு குடுங்க என்று கேட்டேன்.